கதைக்கப் பழக்கியவர்கள்

திருகோணமலையில் ஒரு தாயிடம் போய் "பிள்ளை நல்லாப் பேசுமா?" என்று கேட்டால், அவள் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளவும் கூடும். ஈழத்து வழக்கில் பேசுவது என்பது கண்டிப்பதற்கும் ஏசுவதற்கும் பக்கத்தில் நிற்கும் சொல். "அம்மா பேசுவா" என்று பயந்து ஒளிக்கிற பிள்ளைகளின் ஊர் அது. வாய் திறந்து மொழி சொல்வதற்கு அங்கே உள்ள சொல் கதைப்பது. பிள்ளை கதைக்கத் தொடங்கிவிட்டதா, வயதுக்கேற்பக் கதைக்கிறதா, கொன்னை தட்டுகிறதா என்றுதான் வீடுகளில் கேட்பார்கள். அரசாங்கத் தமிழும் பல்கலைக்கழகத் தமிழும் இதைச் சீர்செய்யும் வேலைக்குப் 'பேச்சு மொழிச் சிகிச்சை' என்று பெயர் வைத்தன. பெயர் வெளியிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. வேலையும் அப்படித்தான் வந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. பிள்ளையைக் கதைக்கப் பழக்கும் தொழில் இந்தத் துறைமுக மாவட்டத்தில் நெடுங்காலம் தாய்மார் கையில் இருந்தது. பின்னாளில் அதற்குச் சான்றிதழும் சம்பளமும் கிடைத்தன. சிறு நகரத்துச் சிகிச்சையாளரை, பல வேளைகளில் தானும் ஒரு தாயாக இருக்கும் அந்தப் பெண்ணை, இந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவராகப் பார்த்தால்தான் அவருடைய வேலையின் பலமும் கோளாறும் விளங்கும்.

ஆவணங்களை மட்டும் நம்புகிறவர் இதை ஏற்கமாட்டார். அவருடைய கணக்கு தெளிவானது. அமெரிக்காவில் இத்தொழிலுக்கு ஒரு சங்கம் உருவானது 1925இல். பிரிட்டனில் பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரி அமைந்தது 1945இல், உலகப் போரில் தலையில் காயம்பட்டு மொழி இழந்து திரும்பிய படையினரின் தேவை கண்முன் நின்ற காலத்தில். இந்தியாவில் மைசூரின் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965இல். இலங்கைக்கு இன்னும் பிந்தியது: களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் 1997இல்தான் டிப்ளோமா தொடங்கியது, 2008இல் பட்டப்படிப்பு. இந்தக் கணக்கின்படி திருகோணமலையில் இத்தொழிலின் முழு வயதும் ஒரு தலைமுறைக்குள் அடங்கிவிடும். ஆனால் இதே கணக்கை வேறொரு தொழிலுக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறந்தது 1879இல். களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது 1926இல். அதற்கு முன் இலங்கையில் பிள்ளைப்பேறு பார்க்கும் தொழில் இருக்கவில்லை என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவிச்சி இருந்தாள், அவளுக்குத் தெரிந்ததும் தெரியாததும் இருந்தன, பிறகு அரசாங்க மருத்துவ மாது வந்தார் என்றுதான் அந்த வரலாற்றை எழுதுகிறோம். நாவைப் பழக்கிய தாய்க்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? மருத்துவிச்சி அடுத்த வீட்டுக்குப் போனாள், கூலி வாங்கினாள். ஆகவே அவள் செய்தது தொழில் என்று கண்ணுக்குத் தெரிந்தது. தாய் தன் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை, கூலியும் இல்லை. அதனால் அவள் செய்தது பாசம் என்ற கணக்கில் போய்விட்டது.

தொழில் பிறந்த நாடுகளிலேயே அதன் வேரைத் தோண்டினால் தாய்தான் அகப்படுகிறாள். தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல் முதலில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியர். அவருடைய தாய்க்குக் காது கேளாது. பின்னாளில் அவர் மணந்த மேபல் ஹப்பர்ட் ஐந்து வயதில் காய்ச்சலால் செவியிழந்தவர். வந்த பேச்சு போய்விடாமல் வீட்டில் தாயும் ஆசிரியையும் விடாது காத்தார்கள். அந்த அனுபவத்தின் பின்னணியில்தான் 1867இல் மசாசூசெட்ஸின் கிளார்க் பள்ளி தோன்றியது. இன்னும் நேரான சாட்சி லூயிஸ் ட்ரேசி. நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் மனைவியான அவர், 1924இல் பிறந்த தன் மகன் ஜான், கதவு அடித்துச் சாத்திய சத்தத்துக்கும் தூக்கம் கலையாமல் கிடந்ததைக் கண்டு அவனுக்குக் காது கேளாது என்று உணர்ந்தார். தானே படித்து, தானே பழக்கி, 1942இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நிலையம் திறந்தார். அதன் முதல் மாணவர்கள் பிள்ளைகள் அல்லர், தாய்மார். வர இயலாதவர்களுக்கு அஞ்சலில் இலவசமாகப் பாடம் போனது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவும் இதே வழியில் சென்றது: காது கேளாத குழந்தையோடு தாயும் வகுப்பில் வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர்கள் தாயிடமிருந்து எடுத்ததைத் தாய்க்கே திருப்பிக் கற்பித்த கதை இது என்று சொன்னால் மிகையாகாது.

திருகோணமலைத் தாயின் கையில் என்ன இருந்தது? முதலில் சடங்குகளைப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு சமூகம் எதைக் கவனித்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்போது இம்மாவட்டத்தின் மக்கள் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவருமே தனித்தனியே கால் பங்குக்கு மேல். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் குழந்தை பிறந்தால் அதன் காதில் பாங்கு சொல்கிறார்கள். பிறகு மென்ற பேரீச்சம்பழத்தை அண்ணத்தில் தடவுகிறார்கள். கத்தோலிக்கத் திருமுழுக்கில் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, திறக்கட்டும் என்று செபிக்கும் ஒரு பகுதி உண்டு. சைவ வீட்டில் நாவில் இனிப்புத் தொட்டு வைப்பதும், காது குத்துவதும், பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் சொரிவதும், விஜயதசமியில் ஏடு தொடக்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மூன்று சமயங்களும் பிள்ளையின் செவியையும் நாவையும் பல்லையும் விடாமல் காவல் காக்கின்றன. சடங்கு சிகிச்சையாகாது என்பது உண்மைதான். ஆனால் பாங்கு சொல்லும்போது குழந்தை திரும்பிப் பார்த்ததா, பல்லுக்கொழுக்கட்டைக்கு முன் வைத்த பொருள்களில் பெயர் சொன்னதை எடுத்ததா என்று கூடியிருந்த பெண்கள் கவனித்துக்கொண்டேதான் இருப்பார்கள். இன்று தாய் சேய் நிலையத்தில் கொடுக்கும் பிள்ளை வளர்ச்சிப் பதிவேடு எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்று கேட்பதெல்லாம், அந்தக் கண்கள் பார்த்ததைக் கட்டம் போட்டுக் கேட்பதுதான்.

சடங்கைவிடக் கனமானது அன்றாடப் பழக்கம். தாலாட்டில் நாவை அசைத்து எழுப்பும் ஒலி, சாய்ந்தாடும்போதும் கை வீசும்போதும் அசைவோடு சேரும் சொல், குழந்தை உளறியதைத் தாய் வாங்கித் திருத்தித் திருப்பிச் சொல்லும் முறை, நா பிறழும் சொற்களைப் பெரிய பிள்ளைகளுக்குள் போட்டியாக்கும் விளையாட்டு: இவற்றில் பலவற்றை நவீனச் சிகிச்சை வேறு பெயர்களில் தன் பாடநூலில் சேர்த்திருக்கிறது. பின்னணியில் ஒரு இலக்கண மரபும் உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி கொப்பூழ்ப் பகுதியில் எழும் காற்றிலிருந்து கிளம்பித் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களில் உருப்பெறுவதை விவரிக்கிறது. நுனி நா எங்கே ஒற்றினால் எந்த எழுத்து, எங்கே வருடினால் எந்த எழுத்து என்று அது பிரித்துக் காட்டும் நுணுக்கம் இன்றைய ஒலியியல் வகுப்பில் வைத்தாலும் கூச்சப்படத் தேவையில்லாதது. மூதூர்த் தாய் தொல்காப்பியம் படித்தாளா என்று கேலி செய்யலாம். அவள் படிக்கவில்லை. திண்ணைப் பள்ளிச் சட்டம்பியாரும் தேவாரம் பழக்கிய ஓதுவாரும் எழுத்தைப் பிழையற ஒலிக்கச் சொல்லி அடித்தும் அணைத்தும் வந்ததில் அந்த நூலின் கடைசித் துளிகள் இருந்தன. வீட்டில் "வடிவாச் சொல்லு" என்று தாய் திருத்தியது அதன் எதிரொலி.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் கை உயர்த்துவார்: தாயின் அறிவைத் தூக்கிப்பிடிப்பவர் அதன் கேட்டையும் சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். அதைச் சுட்டுக் கரியாக்கி நாவில் தடவினால் பேச்சு வரும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மைக்காக அமெரிக்கா அதை 1968லேயே உணவில் தடைசெய்தது. நாவின் கீழ் நரம்பை வெட்டிவிட்டால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. பேசாத பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது காரணம். உதடு பிளந்து பிறந்த குழந்தைக்குக் கிரகணத்தன்று வெளியே வந்த தாயைக் குற்றவாளியாக்குவது மற்றொன்று. காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி விடுவது இன்னொன்று. நடுக்காதின் நாட்பட்ட அழற்சி பிள்ளைகளின் செவித்திறனைக் குறைக்கும் பொதுக் காரணங்களில் ஒன்று என்பதால் இது சின்னப் பிழையல்ல. எல்லாவற்றையும்விடக் கொடியது மருந்தில்லாத ஒரு வாசகம்: "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்." இந்த ஆறுதல் எத்தனையோ பிள்ளைகளின் பொன்னான இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. ஆனால் இந்தப் பிழைகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். பிள்ளையோடு கதைப்பதிலும் அதன் வாயைக் கவனிப்பதிலும் தாய் பிழைவிடவில்லை. காரணம் கண்டுபிடிப்பதில், மருந்து கொடுப்பதில், எப்போது வெளியே உதவி தேடுவது என்பதில்தான் தடுக்கி விழுந்தாள். கேட்க ஆளில்லாத இடத்தில் அவள் தவறினாள்.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1980களில் மைக்கல் மார்ஸ் தலைமையில் வந்த பிரித்தானிய மருத்துவக் குழு காலிப் பகுதியில் அண்ணப்பிளவோடு பிறந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தது. பிரிட்டனில் குழந்தைப் பருவத்திலேயே தைத்துவிடுவதால், தைக்காமல் வளர்ந்தவர்களை அங்கே காண்பது அரிது. இங்கே இளைஞர்களாகவும் பெரியவர்களாகவும் பலர் இருந்தார்கள். அண்ணத்தை மூடிய பிறகு அவர்களுடைய பேச்சை ஆராய்ந்தபோது, துளை அடைபட்டும் பலருக்குப் பேச்சு தெளியவில்லை என்று தெரிந்தது. பிழையான ஒலிகள் நாவில் குடியேறிவிட்டிருந்தன. கத்தி அவற்றைத் தொட முடியவில்லை. உலகம் முழுவதும் அண்ணப்பிளவைப் பற்றிப் பேசுபவர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. வறுமையால் தள்ளிப்போன அறுவைகள்தான் அந்த ஆய்வுக்கு வாய்ப்பளித்தன என்பதை நினைத்தால் கொஞ்சம் கசக்கும். ஆனால் நம் வாதத்துக்கு அது கொடுக்கும் பலம் பெரிது. பேச்சு உறுப்பைத் திருத்துவது ஒன்று, பேச்சைப் பழக்குவது மற்றொன்று. பழக்கம் முதல் ஆண்டுகளில் நடக்கிறது. அந்த ஆண்டுகளில் பிள்ளை இருப்பது வைத்தியர் முன்னால் அல்ல, தாயின் இடுப்பில்.

துறைமுகத்தின் புவியியல் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர். வடகரையில் நகரமும் ஆஸ்பத்திரியும். கிண்ணியாவுக்கும் நகருக்கும் இடையே கடல் புகுந்து கிடக்கும் கழிமுகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அக்கரைக்குப் போக மக்கள் ஏறியது பாதையில். கிழக்கிலங்கையில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் துறை கடக்கும் மிதவை. மூதூரிலிருந்து நகருக்கு வள்ளத்தில் வந்தார்கள்; தரைவழி என்றால் அடுத்தடுத்த துறைகளைக் கடக்கும் நீண்ட சுற்று. போர் ஆண்டுகளில் இந்தப் பயணங்களில் சோதனைச் சாவடிகள் சேர்ந்தன. 2004 சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியையே கொண்டுபோனது. 2006இல் மூதூர் முழுவதுமாக இடம்பெயர்ந்தது. கொழும்பு என்றால் 260 கிலோமீற்றர் அளவு. இதையெல்லாம் தாண்டி ஒரு தாய் வாரம் தவறாமல் வந்து அரை மணி நேரச் சிகிச்சை பெறுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் 84 மணி நேரம். அரை மணி போக மிச்சம் எண்பத்து மூன்றரை. எந்தச் சிகிச்சையாளர் எவ்வளவு திறமையானவரானாலும் இந்தக் கழித்தலை மாற்ற முடியாது.

காது கேளாத பிள்ளைகளுக்கு நாடு முதலில் தந்த விடை விடுதிப் பள்ளி. மேரி சாப்மன் என்ற ஆங்கிலேயப் பெண் 1912இல் தொடங்கிய செவிப்புல, விழிப்புலனற்றோர் பள்ளி இரத்மலானையில் நிலைகொண்டது. அவரே பிறகு இரங்கூனுக்கும் போய் 1920இல் ஒரு பள்ளி நிறுவினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1950களில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி வந்தது. அந்தப் பள்ளிகள் செய்த நன்மை பெரிது; அவை இல்லாவிட்டால் பலருக்கு எழுத்தே கிடைத்திராது. ஆனால் திருகோணமலைப் பிள்ளைக்கு அது பள்ளி வயதில், நெடுந்தொலைவுக்கு அப்பால், தாயிடமிருந்து பிரிந்த பிறகு வந்த உதவி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி போரில் மூடிக் கிடந்த ஆண்டுகளில் விடுமுறைக்கு வீடு திரும்புவதே பெரும்பாடு. மொழி வேர்பிடிக்கும் முதல் நான்கைந்து வயதில் அந்தப் பிள்ளை வீட்டில் யாரோடு எப்படி உறவாடியது? தாயும் பிள்ளையும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைச்சாடைகளில். அந்தச் சாடைகளை எவரும் எழுதிவைக்கவில்லை; ஒவ்வொரு வீட்டுச் சாடையும் அந்த வீட்டோடு மறைந்தது.

கைச்சாடை என்றதும் அடுத்த மறுப்பு வந்து நிற்கிறது, அது வலுவானது. பேச்சைப் பழக்கும் தொழிலைக் கொண்டாடுவது, பேசாமல் வாழ உரிமையுள்ளவர்களை அவமதிப்பதாகாதா? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, கைமொழி வேண்டாம் என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டுப் பேசச்சொன்னார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. மேலே நான் புகழ்ந்த பெல்லும் கைமொழிக்கு எதிரிதான். லூயிஸ் ட்ரேசியின் நிலையமும் வாய்ப்பேச்சின் பக்கமே நின்றது. இந்த மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன், ஆனால் அது என் வாதத்தை வெட்டுவதாகத் தெரியவில்லை. சாடையைத் தடைசெய்தவர்கள் மாநாட்டில் தீர்மானம் போட்ட நிபுணர்கள். திண்ணையில் இருந்த தாய், சொல்லும் சாடையும் முகமும் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்குச் சோறு வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று அறிவதே அவள் அவசரம். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான சட்டம் 1996இல் வந்தது, ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் உறுதிப்படுத்தியது. சைகை மொழியும் மொழியே என்று சட்டத்தாள் இப்போது சொல்லும் உண்மையை, பெயர் தெரியாமலே நடைமுறையில் வைத்திருந்தவள் தாய்.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் தாய்மாரின் பேச்சை ஒட்டுக்கேட்டதால் விளைந்த ஒரு பெரிய நன்மை உண்டு. 1941இல் சிட்னியில் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கருப்பகாலத்தில் ரூபெல்லா அம்மை கண்டிருந்ததைக் கண்டறிந்தார். காத்திருக்கும் அறையில் தாய்மார் தமக்குள் கதைத்துக்கொண்டதே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். அதே அம்மை பிறவிச் செவிட்டுக்கும் காரணம் என்பது தொடர்ந்து விளங்கியது. இலங்கை 1996இல் ரூபெல்லாத் தடுப்பூசியைப் பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2001இல் குழந்தைகளின் அட்டவணையிலும் சேர்த்தது. பேச்சுச் சிகிச்சை வகுப்பு ராகமையில் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, அந்த வகுப்பின் மாணவர்கள் பார்க்க வேண்டியிருந்த ஒரு கூட்டத்துப் பிள்ளைகளைச் செவிகேட்கும் பிள்ளைகளாகப் பிறக்கவைத்த வேலை ஆரம்பமாகிவிட்டது.

தாயைத் தொழிலின் மூலவராக்குவதில் இருக்கும் பெரிய ஆபத்து வேறு: மூலவர் என்றால் பழியும் அவளுக்கே. இது வெறும் கற்பனை அச்சமல்ல. ஓட்டிசம் பற்றி 1943இல் எழுதிய லியோ கானர், பெற்றோரின் குளிர்ந்த மனத்தைப் பற்றிப் பேசப்போய் விதை விதைத்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை மரமாக்கினார். பேசாத பிள்ளையின் தாய், பிள்ளையைப் பனிப்பெட்டியில் வைத்தவளாகச் சித்திரிக்கப்பட்டாள். ஓட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964லேயே அதை மறுத்து நூல் எழுதியிருந்தும், அந்தப் பழி ஓய நெடுங்காலம் எடுத்தது. திக்குவாய்க்கும் இதே கதி. அயோவாவின் வெண்டல் ஜான்சன், தாமே திக்கியவர், திக்கு பிள்ளையின் வாயில் அல்ல, பெற்றோரின் காதில்தான் பிறக்கிறது என்றார். அவருடைய மேற்பார்வையில் 1939இல் மேரி டியூடர் என்ற மாணவி 22 அநாதைப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். திக்காத பிள்ளைகளிடம் நீ திக்குகிறாய் என்று சொல்லிச்சொல்லி அவர்களை வாய் திறக்கக் கூசவைத்த அந்தச் சோதனைக்காக அயோவாப் பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. பலியானவர்கள் தாயில்லாப் பிள்ளைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரகணத்தில் வெளியே போனாய் என்று மாமியார் சொன்னதும், மனம் குளிர்ந்தவள் என்று பேராசிரியர் சொன்னதும் ஒரே குற்றச்சாட்டின் இரண்டு உடைகள். தாய் பழக்குகிறாள் என்பதிலிருந்து, பழக்கம் வராதது அவள் குற்றம் என்று முடிவெடுக்க முடியாது. வயலுக்குத் தண்ணீர் கட்டுபவன் மழைக்குப் பொறுப்பாளியல்ல.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது, எனக்கு இதுவே அதிகம் உறுத்துகிறது. தாய்மாரே பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிவிட்டால், பதவிகளை நிரப்பாமல் விட அதிகாரிக்கு ஒரு நல்ல சாட்டுக் கிடைத்துவிடுமே? கூலியில்லாமல் வேலை செய்தவளைப் புகழ்ந்து, தொடர்ந்து கூலியில்லாமல் வேலை வாங்குவது பழைய தந்திரம்தான். ஆனால் சான்றுகள் அந்தச் சாட்டுக்கு இடம்கொடுப்பதில்லை. தாயை நடுவில் வைத்து வெற்றிபெற்ற முறைகளை எடுத்துப் பாருங்கள். 1975இல் கனடாவில் அயலா ஹானன் மனோல்சன் தொடங்கிய பெற்றோர் பயிற்சி. திக்கும் சிறு பிள்ளைகளுக்காக மார்க் ஒன்ஸ்லோவும் தோழர்களும் சிட்னியில் உருவாக்கிய லிட்கம்ப் முறை. 1969இல் விஸ்கான்சினில் தொடங்கி வீடு தேடிச் சென்ற போர்ட்டேஜ் திட்டம். மூன்றிலும் அன்றாடம் வேலை செய்பவர் பெற்றோர். மூன்றிலும் அவர்களுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒருவர் நிற்கிறார். பார்க்கிறார், அளக்கிறார், மாற்றச் சொல்கிறார். அந்த ஆள் இல்லாத இடத்தில் தாயிடம் மிஞ்சுவது வசம்பும் "தகப்பனும் பிந்தித்தான்" என்பதும். எனவே எண்பத்து மூன்றரை மணியின் பெறுமதி அந்த அரை மணியைப் பொறுத்தது. பகுதிக்கு ஒரு மருத்துவ மாது என்ற இலங்கையின் பழைய ஏற்பாடு பிள்ளைப்பேற்றில் சாதித்ததை இங்கேயும் சாதிக்கலாம். அதற்குப் பதவி வேண்டும், பயணப்படி வேண்டும், ஒரே ஆளுக்கு முழு மாவட்டத்தையும் கட்டிவிடாதிருக்க வேண்டும். பெண்கள் நிறைந்த தொழில் என்பதாலேயே இது ஒரு வகைத் தாய்மைச் சேவை என்று கருதி எல்லாவற்றையும் மலிவாக முடிக்கும் வழக்கத்துக்கு, இத்தொழிலின் வரலாறே எதிர்ச்சாட்சி.

அந்த அரை மணியில் எந்தத் தமிழ் கதைக்கப்படுகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இத்துறையின் பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழுக்கென்று உள்ள ஒலிப்புச் சோதனைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவானவை. ஈழத்தில் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பது பொது வழக்கு. வாழைப்பழம் இங்கே வாளைப்பளம்தான், படித்தவர் வாயிலும். அந்தப் பிள்ளையைச் சென்னைச் சோதனையில் இருத்தினால் ழகரத்துக்குப் பிழை விழும். மாறாக, றகர இரட்டிப்பை நுனி நாவை மேற்பல்லின் ஈறில் அழுத்தி வல்லினமாகவே ஒலிக்கும் பழைய வழக்கு ஈழத்தில் உண்டு. அதனால்தான் இங்கே மீற்றர் என்று எழுதுகிறார்கள், அங்கே மீட்டர். தொல்காப்பியத்தின் பிறப்பியலை அளவுகோலாக வைத்தால் ஈழம் றகரத்தில் தேறி ழகரத்தில் தவறுகிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகள் றகரத்தில் தவறி, சில ழகரத்திலும் தவறுகின்றன. எனவே யார் வாய் சரியானது என்ற கேள்விக்குப் பொருளில்லை. பிள்ளை தன் வீட்டு வாயை எட்டியதா என்பதே கேள்வி. அந்த வீட்டு வாய் எது என்பதும் இங்கே எளிதில் தெரியாது. யாழ்ப்பாண வழக்கும் மட்டக்களப்பு வழக்கும் சந்திக்கும் இடம் திருகோணமலை. முஸ்லிம்களின் தமிழுக்குத் தனி நடை. பறங்கியர் சிலர் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் வழங்குகிறது. கந்தளாய்ப் பக்கம் சிங்களம். திருகோணமலையில் பிறந்த மொழியியலாளர் அ. சண்முகதாஸ் ஈழத்துப் பேச்சுத் தமிழின் வினைவடிவங்களை ஒலியனியல் முறையில் ஆராய்ந்து எடின்பரோவில் பட்டம் பெற்றவர். அந்த வகை ஆய்வு சிகிச்சை அறையின் மேசைக்கு வந்திருந்தால், பிழையென்று குறித்த பல கட்டங்கள் வழக்கென்று மாறியிருக்கும்.

படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனை ஒன்றை இந்த மாவட்டத்துக்கென்று எழுதப் புகுந்தால், அப்பிளும் கரடியும் பனிமனிதனும் அதில் வேண்டியதில்லை. ணகரத்துக்குத் தோணி இருக்கிறது, கணவாய் இருக்கிறது. ளகரத்துக்கு வள்ளம். றகரத்துக்கு இறாலும் சுறாவும். றகர இரட்டிப்புக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றுகளே போதும். பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளிக் குளித்த இடம். தகரத்துக்குப் பாதை என்று போடலாம், ஆனால் படத்தில் மிதவையை வரைவதா தெருவை வரைவதா என்பதைப் பாலம் கட்டிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்காகக் கிண்ணியாத் தாய்மாரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.